பதினொரு படங்களில் ஒரே மனிதர்

அன்று காலை பத்து மணிக்குச் சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. வடக்கே எங்கோ காடு எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது நாளாகக் கலிஃபோர்னியாவின் சான் ரமோன் முழுக்கப் புகை. ஆபீஸ் வளாகத்துக் குளத்தருகே எப்போதும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வாத்துகள்கூடக் கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. முப்பது பேர் வேலை பார்க்கும் எங்கள் மாடிக்கு அன்று வந்தது ஐந்து பேர்.

நான் கம்ப்யூட்டர் திரையில் ஒரு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துருக்கியின் தென்கிழக்கில், பெரும்பாலும் குர்துகள் வாழும் ஒரு சின்ன ஊர். நம் கணக்கில் சொன்னால் தாலுகா தலைநகரம்.

ஒரு டீக்கடை. வாசலில் நான்கு முக்காலிகள். மூன்று காலி. நான்காவதில் ஒருவர் சுருக்கம் விழுந்த இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பார்த்தபடி என்று எப்படிச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு முகம் இல்லை.

இந்த மாதிரித் தெருப் படங்களில் எல்லோருடைய முகத்தையும் இயந்திரமே கலைத்துவிடும். கழுத்துக்கு மேலே ஈரத்துணியால் துடைத்தது போல ஒரு மங்கல் இருக்கும். அது வழக்கம்தான். எனக்குச் சில்லென்று ஆனது அதனால் இல்லை. காலையிலிருந்து நான் பார்த்த ஐந்தாவது தெரு அது. ஐந்து தெருக்களிலும் அவர் இருந்தார். மசூதிச் சுவர் ஓரம், மருந்துக்கடைப் படி, மினிபஸ் நிற்கும் இடம், கோதுமை மண்டி வாசல், இப்போது டீக்கடை. ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார். அதே பழுப்பு நிறக் கையில்லா ஸ்வெட்டர்.

மற்ற மனிதர்கள் அவரவர் வேலையில் இருந்தார்கள். சிலர் கூரையில் கேமரா வைத்த காரைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் மட்டும் கார் வருவதற்கு முன்பே வந்து காத்திருந்தவர் போல இருந்தார்.

பக்கத்து இருக்கையின் தடுப்பைத் தட்டி, "ஸோஸான், இங்க கொஞ்சம் வாயேன்" என்றேன்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. எழுதலாமா என்று போன மாதம் அவளிடம் கேட்டேன். "எழுது. ஊர் பேரைப் போடாதே. எங்க பேரையும் மாத்திடு" என்றாள். மாற்றியிருக்கிறேன். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். என் மனதில் எப்படி விழுந்ததோ அப்படித் தமிழில் எழுதுகிறேன்.

செக்கிங் டேபிள்

நான் திருப்பூர்க்காரி. கல்லூரி விடுமுறைகளில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்றிருக்கிறேன். ட்யூப்லைட்டுக்குக் கீழே பீஸ் பீஸாக இழுத்துப் பார்த்து, ஊசி விட்டு ஓட்டை விழுந்த இடம், எண்ணெய்க் கறை, தையல் கோணல் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும். நாள் முழுக்க நின்றால் துணியே கண்ணில் படாது, குறை மட்டும்தான் படும். கல்யாண வீட்டில் சேலை கட்டிக்கொண்டு வருகிறவர்களைக்கூட அப்படித்தான் பார்ப்பேன். அது கெட்ட பழக்கம் என்று அம்மா திட்டுவாள்.

பிறகு படிப்பு, கல்யாணம், விசா, கலிஃபோர்னியா எல்லாம் ஆன பிறகும் எனக்கு வாய்த்தது செக்கிங் வேலைதான். வரைபடம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றுக்கு எங்கள் ஆபீஸ் ஒப்பந்த வேலை செய்தது. வரைபடத்தில் இருக்கும் தெருப் பெயரும் தெருவில் இருக்கும் போர்டும் ஒத்துப்போகின்றனவா, பள்ளிக்கூடம் என்று குறித்த இடத்தில் பள்ளிக்கூடம்தான் இருக்கிறதா என்று படத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். படங்கள் ஏற்கெனவே வெளிவந்தவை. யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். ஆனால் அந்த ஊரைத் தெருத்தெருவாக, கடைகடையாகப் பார்த்தது உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஸோஸான் மொழி ஆலோசகராக வந்தவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வந்த முதல் வாரம் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தாயே" என்று ஒரு குரல் கேட்டது. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எழுந்து எட்டிப் பார்த்தேன். போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். குர்து மொழியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "எங்க ஊர்லயும் அதேதான்" என்றேன். அன்று மதியம் என்னுடைய எலுமிச்சைச் சோற்றில் பாதியை அவள் சாப்பிட்டாள்.

மூன்று பெயர் உள்ள ஊர்

அந்தத் தாலுகா ஊர்தான் அவள் பிறந்த ஊர் என்பது வேலையைப் பிரித்துக் கொடுத்தவர்களுக்குத் தெரியாது. தற்செயலாக எங்கள் பங்குக்கு வந்தது.

ஊருக்கு மூன்று பெயர். போர்டில் இருப்பது அரசாங்கம் வைத்தது. ஜனங்கள் வாயில் இருப்பது குர்துப் பெயர். இரண்டுக்கும் முந்தைய பெயர் ஒன்றும் இருந்ததாம். அதை அந்தக் காலத்து உச்சரிப்போடு சொல்ல ஊரில் இப்போது ஆள் இல்லை.

நூறு வருஷத்துக்கு முன்பு வரை அங்கே ஆர்மீனியர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். கொல்லர், தச்சர், கல் செதுக்குபவர். பிறகு அவர்கள் இல்லாமல் போனார்கள். எப்படிப் போனார்கள் என்று ஸோஸானின் பள்ளிப் புத்தகத்தில் இல்லை. ஆனால் சுவர்களில் இருந்தது. அவள் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு செதுக்குக் கல் உண்டு. அதைப் பூ என்றே நினைத்து வளர்ந்தாள். ஹூஸ்டனில் படிக்கும்போது ஒரு ஆர்மீனியப் பெண்ணிடம் அதை வரைந்து காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் காகிதத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பி வைத்தாளாம். அது சிலுவை.

ஊரைச் சுற்றி மலைக் கிராமங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். பல கிராமங்களுக்கு மேலிருந்து எடுத்த படத்தில் கூரை இல்லை. சதுரம் சதுரமாகச் சுவர்கள் மட்டும். தொண்ணூறுகளில் ராணுவத்துக்கும் மலையில் இருந்த போராளிகளுக்கும் நடந்த சண்டையில் அந்தக் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. கழுதையிலும் டிராக்டரிலும் சாமானை ஏற்றிக்கொண்டு ஜனங்கள் இந்த ஊருக்கு வந்து இறங்கினார்கள். ஒரு வீட்டில் மூன்று குடும்பம், மாட்டுக் கொட்டகையில் ஒரு குடும்பம்.

அந்த வருஷங்களில் தெருவில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். அதில் ஏறியவர்கள் திரும்பி வந்ததில்லை. இதை எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "காரோ, வேனோ?" என்று மட்டும் கேட்டார்.

படங்களிலும் அந்த ஊர் எனக்குச் சரிப்படவில்லை. கடைத்தெரு முச்சந்தி வரைக்கும் கோடைக்காலம். தர்ப்பூசணி வண்டி, அரைக்கைச் சட்டைகள். ஒரு கிளிக் தள்ளினால் பனி. எல்லா ஷட்டரும் இறங்கியிருக்கும், மனித நடமாட்டமே இருக்காது. இரண்டு வேறு சமயங்களில் எடுத்ததை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தெரிந்தும் அந்த முச்சந்தியை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

"ஒரிஜினல் எங்கேயோ இருக்கும்"

அந்தப் புகை நாளில் ஸோஸான் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஐந்து படங்களையும் பார்த்தாள். என்னை எழுப்பிவிட்டு அவள் உட்கார்ந்தாள். மற்ற தெருக்களுக்குள் போனாள். பள்ளிக்கூட வாசலில் ஒன்று, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஒன்று, ஆஸ்பத்திரி எதிரில் ஒன்று. மதியத்துக்குள் பதினோரு படங்கள் சேர்ந்தன. எல்லாவற்றிலும் அவர் காரைப் பார்த்தபடிதான் இருந்தார்.

"எங்க அப்பா இப்படித்தான் உட்காருவார்னு அம்மா சொல்வாங்க" என்றாள். "கையை முழங்கால்ல வச்சுக்கிட்டு. போட்டோ எடுக்கிறவன் முன்னாடி உட்கார்ற மாதிரி."

அவள் அப்பா ஹசன் மினிபஸ் ஓட்டியவர். ஊருக்கும் மலைக் கிராமங்களுக்கும் நடுவே. கை காட்டியவர்களை எல்லாம் ஏற்றுவார். ஏற்றக் கூடாதவர்களையும் ஏற்றினார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலையில் வீட்டு வாசலில் வண்டி டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கார் வந்தது. "ரெண்டு கேள்விதான், ஒரு மணி நேரத்துல கொண்டு வந்து விடறோம்" என்றார்கள். ஸோஸானுக்கு அப்போது ஆறு வயது. அண்ணன் ஆசாத்துக்குப் பன்னிரண்டு.

ஒரு மாதத்தில் அம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மெர்சின் என்ற கடற்கரை நகரத்துக்குப் போய்விட்டார். அந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. ஹசனுக்கு என்ன ஆனது என்று எந்த அலுவலகமும் சொல்லவில்லை. அப்படி ஒருவரைப் பிடித்ததாகவே பதிவு இல்லை என்றார்கள்.

"உயிரோட இருந்தா இப்ப அவருக்கு இந்த வயசுதான் இருக்கும்" என்று திரையைத் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "முகம் கலைக்காத ஒரிஜினல் எங்கேயோ இருக்கும். உன்னால கேட்டு வாங்க முடியும் இல்லையா?"

முடியும். முகம் என்று நினைத்து இயந்திரம் கடைப் பெயரையோ போர்டையோ கலைத்திருந்தால், காரணம் எழுதி மூலப் படத்தைக் கேட்கலாம். எனக்கு அந்த அனுமதி இருந்தது. ஆனால் இதற்கு நான் பொய்க் காரணம் எழுத வேண்டும். கண்டுபிடித்தால் வேலை போகும். வேலை போனால் விசா போகும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

வீட்டில் சாப்பிடும்போது கணவர் செந்திலிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்.

"இத பாரு சுமதி, அந்தப் புள்ள கேக்கறதுல தப்பே இல்ல. ஆனா சிஸ்டத்துல உம்பேருதான நிக்கும்? கிரீன் கார்டு இதோ அதோன்னு இருக்கற நேரம். மிதுவுக்கு ஸ்கூல் இருக்குது. எல்லாத்தயும் மூட்ட கட்டிட்டு நாளைக்குக் கெளம்புன்னா கெளம்ப முடியுமா?"

முடியாது. மறுநாள் ஸோஸானிடம் மாட்டேன் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "புரியுது" என்றாள். அதன்பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவள் என்னோடு வரவில்லை.

ஜூலை மாதத்தில் கம்பளி

அந்த ஒரு வாரம் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. வேலையைத் தொடங்கினால் கை தானாக அந்தப் பதினோரு படங்களுக்குத்தான் போகும். அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். நான் ஃப்ரீமான்ட்டில் கடைக்குப் போயிருந்தபோதும், மகள் மிதுவை டான்ஸ் கிளாஸில் விட்டுவிட்டு காரில் காத்திருந்தபோதும் அவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றும். நடைபாதையில் யாராவது அசையாமல் உட்கார்ந்திருந்தால் கழுத்துக்கு மேலே பார்க்கத் தயங்கினேன்.

முகத்தையே தேடியதால் மற்றதை நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பாலத்துப் படத்தைத் திறந்தேன். அதில்தான் கார் அவருக்கு மிகப் பக்கத்தில் போயிருந்தது. பின்னால் ஆற்றில் சிறுவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். படத்தின் ஓரத்தில் மாதம் இருந்தது. ஜூலை.

ஜூலை மாதம். ஊரே அரைக்கைச் சட்டையில் இருக்கிறது. இவர் எதற்குக் கம்பளி போட்டிருக்கிறார்?

பெரிதாக்கினேன். கையால் பின்னிய ஸ்வெட்டர். முன்பக்கம் ஜடை போட்ட மாதிரி ஆறு வரிசை மேலிருந்து கீழே இறங்கியது. எனக்குள் இருந்த பழைய செக்கிங்காரி முழித்துக்கொண்டாள். இடது மார்புக்குக் கீழே கம்பளியின் நிறம் மாறியிருந்தது. ஒரே பழுப்புதான், ஆனால் ஒரு மாற்றுக் குறைவு. அங்கிருந்து மூன்றாவது ஜடை மட்டும் எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொண்டு போனது. பின்னியவர் கை தவறியிருக்கிறது. பதினோரு படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவர் எங்கேயும் கையைக் கட்டிக்கொள்ளவில்லை, மேலே கோட்டு போடவில்லை. அந்த இடது பக்கம் எல்லாவற்றிலும் தெரிந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த மனிதர் தன்னைக் காட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஸ்வெட்டரைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஸோஸானிடம் போய் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, "உங்க அம்மாவுக்குப் பின்னத் தெரியுமா?" என்று கேட்டேன்.

குலே ஆன்ட்டி

அவள் அம்மா குலே ஆன்ட்டி, நாங்கள் இருந்த அதே அபார்ட்மென்ட் வளாகத்தில் பின் வரிசையில் ஸோஸானோடு இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். ஆங்கிலத்தில் ஹலோவும் தேங்க்யூவும் தெரியும். என்னைப் பார்த்தால் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பார்.

அந்த வாரம் வரை அம்மாவிடம் ஸோஸான் எதையும் சொல்லவில்லை. வீண் ஆசை காட்டிவிடுவோமோ என்ற பயம். சனிக்கிழமை காலை நானும் கூடப் போனேன். லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பாலத்துப் படத்தை எடுத்து, ஸ்வெட்டர் மட்டும் தெரியும்படி பெரிதாக்கி வைத்தாள். யாருடையது, எந்த ஊர் என்று ஒன்றும் சொல்லவில்லை.

குலே ஆன்ட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். விரலைத் திரையில் வைத்து அந்த மூன்றாவது ஜடையைக் கீழிருந்து மேலே தடவினார். நிறம் மாறும் இடத்தில் விரல் நின்றது.

மெதுவாக ஏதோ சொன்னார். ஸோஸானுக்கு மொழிபெயர்க்க வரவில்லை. திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"தப்பு என்னோடதுதான்னு சொல்றாங்க."

பிறகு ஆன்ட்டி உட்கார்ந்து சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கம்பளி தீர்ந்துபோய் ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரித்து மீதியைப் பின்னினாராம். ஸோஸானுக்குக் காய்ச்சல். அவளை மடியில் போட்டுக்கொண்டு பின்னும்போது ஜடை எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. பிரித்துவிட்டுப் போடுகிறேன் என்றதற்கு, இருக்கட்டும் என்று ஹசன்தான் வாங்கிப் போட்டுக்கொண்டார். கார் வந்த அன்று சட்டையோடு இருந்தார். குளிர்காலம் முடியாத நாள். "குளிருது, ஸ்வெட்டரை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று அவர்களிடம் கேட்டார். ஸோஸான்தான் உள்ளே ஓடி எடுத்துக்கொண்டு போய்க் கார் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

ஸோஸானுக்கு அது நினைவில் இல்லை. "நானா? நானா கொடுத்தேன்?" என்று இரண்டு முறை கேட்டாள்.

அதன்பிறகு அவள் படத்தைச் சிறிதாக்கினாள். முழு மனிதரும் தெரிந்தார், முகத்து மங்கலோடு. "தாயே, இது அப்பாவா?"

குலே ஆன்ட்டி ஒரு நொடிதான் பார்த்தார்.

"இல்ல. அவர் தோள் இவ்வளவு அகலம் கிடையாது. இது வேற யாரோ. என் புருஷனோட ஸ்வெட்டரைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கான்."

அடுப்பில் டீ கொதித்துப் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்துபோகவில்லை. மூன்று பேர் மனதிலும் ஒரே எண்ணம்தான் ஓடியிருக்கும். அவர் உடம்பிலிருந்து அதைக் கழற்றியது யார்?

"யார் பின்னினது?"

செய்தி கேட்டு ஸோஸானின் அண்ணன் ஆசாத் மெர்சினிலிருந்து பஸ் ஏறினார். முப்பது வருஷம் கால் வைக்காத ஊர். பையில் கத்தி எடுத்துப் போகாதே என்று அம்மா போனில் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

டீக்கடையில் அந்த மனிதர் இருந்தார். அதே ஸ்வெட்டர், முழங்கை அருகே நூல் பிரிந்து தொங்கும் சட்டைக்கு மேலே. ஆசாத் எதிரில் போய் நின்று ஸ்வெட்டரையே பார்த்தார். அந்தக் கிழவர்தான் முதலில் பேசினார்.

"இதை யார் பின்னினது?"

"எங்க அம்மா."

"தப்பு எங்கே இருக்குன்னு சொல்லு."

"இடது பக்கம். மூணாவது ஜடை."

கிழவர் பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டார். கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்துபோனது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துவந்து தண்ணீர் கொடுத்தார்களாம்.

மறுநாள் எங்களுக்குக் காலை எட்டு மணி, அங்கே மாலை ஆறு. ஆசாத் வீடியோவில் அவரைக் காட்டினார். "குறையைக் கண்டுபிடிச்ச பொண்ணும் வரட்டும்" என்று குலே ஆன்ட்டி சொல்லியனுப்பியதால் நானும் இருந்தேன். போன் அவர் பக்கம் திரும்பும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஒரு முகம் இருந்தது. வெள்ளை மீசை, ஒரு கண்ணில் பூ விழுந்த, வெயிலில் காய்ந்த சாதாரண முகம். இத்தனை வாரம் மங்கலையே பார்த்துப் பழகிய எனக்கு அந்த முகம்தான் யாருடையதோ போல இருந்தது.

அவர் பெயர் சாலிஹ். மலையில் ஆடு மேய்த்தவர். ஒரு காலையில் ஓடைக்கு மேலே சாலை வளைகிற இடத்தில் நாய் குரைத்திருக்கிறது. போய்ப் பார்த்தால் ஒருவர் இறந்து கிடந்தார். சட்டைப்பையில் காகிதம் இல்லை, அடையாள அட்டை இல்லை. சாலிஹ் வேறு பள்ளத்தாக்குக்காரர் என்பதால் அந்த முகமும் தெரிந்ததாக இல்லை. யாரிடமாவது சொன்னால் அடுத்தது தானாக இருக்கும் என்று தெரியும். அப்படியே விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. கருவாலி மரத்தடியில் தனியாகவே தோண்டினார். மண் கெட்டியாக இருந்ததால் மதியம் ஆனது.

"புதைக்கிறதுக்கு முன்னாடி இதைக் கழட்டினேன்" என்று ஸ்வெட்டரைத் தொட்டார். "மன்னிச்சுக்கோங்க. அவர்கிட்ட பேரு சொல்ற மாதிரி வேற ஒண்ணுமே இல்ல. கையால பின்னினதுன்னா பின்னினவங்க எங்கேயோ இருப்பாங்க. பார்த்தா அவங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஓடையில் அலசிக் காயவைத்து எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் அவருடைய கிராமமும் காலியாகி, ஊருக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்து கேட்கப் பயம். அதனால் ஆட்கள் போகிற வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். ஆண்டுகள் போய்க் காலம் கொஞ்சம் தணிந்த பிறகு, ஆளைத் தொலைத்த இரண்டு வீட்டுப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். எங்களுடையது இல்லை என்று போய்விட்டார்கள். அந்த இரண்டாவது பெண் போகும்போது, இல்லை என்று தெரிந்ததும் தனக்கு எது வந்தது, நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியவில்லை என்றாளாம்.

பிறகு அந்த கேமரா கார் வந்தது. அதன் டிரைவர் தினமும் காலையில் அதே டீக்கடையில்தான் டீ குடித்தார். இந்தப் படத்தை உலகத்தில் எங்கே இருந்தும் பார்க்கலாம் என்று கடையில் யாரிடமோ சொன்னதைச் சாலிஹ் கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுவார். நான்கு நாள் அப்படிப் போனார்.

"என் முகத்தை அழிச்சுட்டாங்கன்னு ஆசாத் சொன்னார்" என்றார். "நல்லதாப் போச்சு. இல்லாட்டி எல்லாரும் அதையே பார்த்திருப்பாங்க."

குலே ஆன்ட்டி போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"அவர் கண்ணு திறந்திருந்துச்சா?"

"நான் மூடினேன்."

"மேல என்ன போர்த்துனீங்க?"

"என் கம்பளியை."

ஆன்ட்டி தலையை ஆட்டினார். ஸ்வெட்டரைக் கழற்றி ஆசாத்திடம் கொடுத்தனுப்பவா என்று சாலிஹ் கேட்டார். "வேண்டாம். அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும். நீங்களே போட்டுக்கோங்க" என்றார் ஆன்ட்டி.

ஞாயிற்றுக்கிழமை

கருவாலி மரத்தடி வரைக்கும் போக வக்கீல், மனு, பரிசோதனை என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை. எலும்புகள் ஹசனுடையவைதான் என்று தாள் வந்தது. ஆசாத் அவரை ஊர் மயானத்தில் அடக்கம் செய்தார். குலே ஆன்ட்டியால் பயணம் செய்ய முடியவில்லை. போனில் பார்த்தார்.

பிறகு வேறொரு வருஷம் எடுத்த புதுப் படங்கள் வந்தன. எனக்கு அந்த ஊர் வேலை இல்லை, ஆனாலும் போய்ப் பார்த்தேன். மசூதிச் சுவர், மருந்துக்கடைப் படி, பாலம் எல்லாம் பார்த்தேன். சாலிஹ் எங்கேயும் இல்லை. அது எனக்கு ஏனோ கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஸோஸானிடம் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறார், இப்போது வீட்டில் இருக்கப் பிடித்திருக்கிறது என்றாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தது. மிது கதவைத் திறந்துவிட்டு, "அம்மா, ஸோஸான் ஆன்ட்டி இஸ் ஹியர். ஹெர் மாம் டூ" என்றாள்.

குலே ஆன்ட்டி கறுப்பு உடையில், கையில் பெரிய தட்டோடு நின்றார். கோதுமை மாவை வெண்ணெயில் சிவக்க வறுத்து, சர்க்கரைப் பாகு விட்டுக் கிளறிய அல்வா. நம் அல்வா போல வழுக்காது, கையில் பிடித்தால் உதிரும். வறுத்த மாவின் வாசனை படிக்கட்டு முழுக்க இருந்தது. அவர்கள் ஊரில் இறப்பு நடந்த வீட்டில் அதைச் செய்து தெருவுக்கெல்லாம் கொடுப்பார்கள். அந்த வாசனை போனவரைச் சென்று சேரும் என்பார்கள். முப்பது வருஷமாக குலே ஆன்ட்டி அதைச் செய்ததில்லை. பண்டிகைக்குக்கூட. அவர் வீட்டில் மாவு வறுக்கக் கூடாது என்பதை ஸோஸான் காரணம் கேட்காமலே பழகியிருந்தாள்.

நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, தட்டைத் தூக்க உதவியாகக் கூடவே போனேன். ஒவ்வொரு கதவாகத் தட்டினோம்.

எதிர் வீட்டில் ஒரு தெலுங்கு ஆன்ட்டி. மகள் பிரசவத்துக்காக வந்திருந்தவர். எங்கள் கதை எதுவும் தெரியாது. அல்வாவைக் கையில் வாங்கிக்கொண்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்து, சிரித்தபடி, "ஏதாவது குட் நியூஸா?" என்று கேட்டார்.

ஸோஸானுக்கு முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்தாள். குலே ஆன்ட்டி அவள் முழங்கையைப் பிடித்து, என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தார். ஸோஸான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

ஆன்ட்டி அந்தத் தெலுங்கு ஆன்ட்டியின் கையில் இன்னொரு துண்டை வைத்தார்.

"ஆமான்னு சொல்லு" என்றார். "என் வீட்டுக்காரர் கெடைச்சுட்டார்னு சொல்லு."

பிறகு தட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு மணியை அடித்தார்.